சலானைக் கட்டிவிடுங்கள், கடிதம் எழுதாதீர்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் பம்புசெட் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ரெட்டிச்சாவடி அருகே புளியமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று ஸ்பீடு கன்னில் படம் பிடித்து, என் பைக்குக்கு 1,000 ரூபாய் சலான் அனுப்பியிருக்கிறார்கள். வரம்பு 50, வேகம் 71 என்று போட்டிருக்கிறது. வெளியூர்க்காரர்களைக் குறிவைத்தே பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் கடையில் இருந்ததற்குக் கேமராப் பதிவு இருக்கிறது. பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் வாங்கிவரச் சொல்லி, பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகனைப் புதுச்சேரிக்கு அனுப்பியிருந்தேன். நான் ஓட்டவில்லை என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு நிற்காது அல்லவா? தேவைப்பட்டால், தான் ஓட்டியதாகச் சொல்ல என் தம்பி தயாராக இருக்கிறான்.

பதில்: புளியமரத்தை விட்டுவிடுங்கள். மறைந்து நின்றதால் மட்டும் வழக்கு செல்லாமல் போகாது. ஒரே ஒரு சாட்சியின் கண்மதிப்பை வைத்து வேகத்துக்குத் தண்டிக்க முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவு சொல்வது உண்மை. ஆனால் கருவி அளந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எச்சரிக்கைப் பலகை இருந்ததா, கருவிக்கு நடப்பில் உள்ள சான்று இருந்ததா என்று வாதாட இடமுண்டு. வேறொருவர் வந்திருந்தால் நானே வாதாடிப் பார்க்கலாம் என்றிருப்பேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: ஓட்டியது பதினெட்டு நிரம்பாத உங்கள் மகன். கேமராப் பதிவை உங்களைக் காப்பாற்றும் ஆதாரம் என்று நினைக்கிறீர்கள். அதை நீட்டிய நிமிடமே அடுத்த கேள்வி வரும்: நீங்கள் இல்லையென்றால் யார்? அதற்கு நீங்கள் சொல்லும் பதில் உங்களை 199அ பிரிவில் கொண்டுபோய் நிறுத்தும். 2019 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு அது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது.

எனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றுவிட்டான் என்று நிரூபித்தால் தப்பிக்கச் சட்டம் வழி விட்டிருக்கிறது. நீங்களே சீல் வாங்க அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

என் வழக்கறிஞர் தொழிலில் இப்படி ஒரு கட்சிக்காரரைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் இருந்தேன் என்று, பந்தியில் உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தையும் இணைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது. பையனின் பிறந்த தேதிச் சான்றிதழோடு அவர் நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்த காலை நேரங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற எந்த மனுவும் கிடையாது.

தம்பி யோசனை இதைவிட மோசம். ஓட்டியவர் யார் என்று 133ஆவது பிரிவின் கீழ் கேட்கப்பட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் அது தனிக் குற்றம். சலானில் இருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தம்பியின் முகமா அது?

ஆகவே அபராதத்தைக் கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளுங்கள். சலான் உரிமையாளர் பெயரில் வந்திருக்கிறது, உரிமையாளராகக் கெடுவுக்குள் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே சலான் எண்ணை இட்டுக் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம், வருத்தம், புகார் எதுவும் எழுத வேண்டாம். அதன் பிறகும் யாராவது அழைத்து விசாரித்தால் ஒரு சொல்கூடப் பொய் சொல்லாதீர்கள். பதில் சொல்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது சலானைப் பற்றி அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே உரிமம் இல்லாத பையன் 71இல் போயிருக்கிறான். அவன் யாரையாவது இடித்திருந்தால் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்தாலும், உரிமம் இல்லை என்று காட்டி உங்களிடமிருந்து வசூலிக்கும். கடையை விற்றாலும் போதாத தொகையாக அது இருக்கலாம். இன்றைக்கே வண்டிச் சாவியைக் கடை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். அடுத்த முறை சீல் வேண்டுமென்றால் பையனைப் பஸ்ஸில் அனுப்புங்கள்.