ஆர்.ஓ. ரிஜெக்ட் பம்பில் 316 ஏன் எட்டு மாதத்தில் ஓட்டை விழுகிறது?

கேள்வி: திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஆர்.ஓ. ரிஜெக்ட் தண்ணீரை, அதாவது ஆர்.ஓ. வடிகட்டிய பின் மிஞ்சும் உப்புத் தண்ணீரை, எவாப்பரேட்டருக்குத் (ஆவியாக்கும் கலனுக்கு) தள்ளும் பம்பில் இம்பெல்லர் (சுழலும் இறக்கைச் சக்கரம்), ஷாஃப்ட் ஸ்லீவ் (சுழல்தண்டின் மேல் உறை) இரண்டுமே எஸ்.எஸ். 316, அதாவது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எட்டே மாதத்தில் இம்பெல்லரில் ஊசித்துளைகள். ஸ்லீவில் ஓ-ரிங் உட்காரும் இடத்தில் வளையமாக அரித்திருக்கிறது. தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 38,000 மில்லிகிராம். காந்தம் வைத்தால் இம்பெல்லரில் லேசாக ஒட்டுகிறது. போலி சரக்கு கொடுத்துவிட்டார்களா? பக்கத்துப் பட்டறையில் இதே பம்ப், ஏறக்குறைய இதே டி.டி.எஸ்., நான்கு வருடமாக ஓடுகிறது. எங்களை டுப்ளெக்ஸ் (அரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்) போடச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

பதில்: முதலில் காந்தத்தை முடித்துவிடுவோம். உங்கள் இம்பெல்லர் வார்ப்பு. 316-க்கு இணையான வார்ப்பு ரகத்தின் பெயர் சி.எஃப்.8எம். வார்ப்பு ஆறும்போது வெடிப்பு விழாமல் இருக்க, ஃபெரைட் என்ற படிக அமைப்பு கொஞ்சம் வரும்படிதான் பவுண்டரியில் கலவையைப் போடுவார்கள். ஃபெரைட் காந்தத்தில் ஒட்டும். ஆகவே லேசாக ஒட்டுவது இயல்பு. இன்னொன்று, காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து நல்ல சரக்கு என்றும் சொல்ல முடியாது. மாங்கனீஸ் அதிகம் போட்ட மலிவான 200 வரிசைக் கம்பியிலும் காந்தம் ஒட்டாது. ஷாஃப்டில் காந்தம் இறுகப் பிடித்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். 316 விலை வாங்கிக்கொண்டு, காந்தம் ஒட்டும் மலிவு ரகமான 410 கம்பியைப் போட்டிருக்கலாம். தீர்மானமாகத் தெரிய பி.எம்.ஐ. சோதனை செய்யுங்கள். துப்பாக்கி போன்ற எக்ஸ்ரே கருவியைப் பாகத்தின் மேல் வைத்தால் சில நொடிகளில் கலவை தெரியும். மாலிப்டினம் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 304-க்கும் 316-க்கும் முக்கிய வித்தியாசமே அதுதான்.

என் கணிப்பில் உங்களுக்கு வந்தது சரியான 316. சரியான 316-ஆகவே இருந்தாலும், உங்கள் தண்ணீரில் அது இப்படித்தான் போகும்.

நீங்கள் டி.டி.எஸ். எழுதியிருக்கிறீர்கள், குளோரைடு எழுதவில்லை. எனக்கு வருகிற கேள்விகளில் பத்துக்கு ஒன்பது இப்படித்தான் இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் தானாக உண்டாகும் குரோமியம் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் கனம்தான், கண்ணுக்குத் தெரியாது, கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். அந்தப் படலத்தைக் குத்தி உடைப்பதில் குளோரைடுக்கு ஈடு இல்லை. சல்ஃபேட் அப்படிச் செய்யாது. சொல்லப்போனால் குளோரைடின் வேகத்தை அது கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

பக்கத்துப் பட்டறையின் ரகசியம் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். அவர்கள் சாயம் ஏற்ற கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்ஃபேட், போடுகிறார்களா என்று விசாரியுங்கள். நீங்கள் சாதா உப்பு போடுகிறவர்களாக இருந்தால் கணக்கு இப்படி: சாதா உப்பின் எடையில் 60 சதவீதம் குளோரைடு. 38,000 டி.டி.எஸ். முழுக்க உப்பு என்று வைத்தால் லிட்டருக்குச் சுமார் 23,000 மில்லிகிராம் குளோரைடு. கடல்நீரிலேயே 19,000 தான்! சாதாரண வெப்பநிலையில் 304-க்கு 200, 316-க்கு 1,000 என்பது தொழிலில் வைத்திருக்கும் தோராய வரம்பு. தண்ணீர் சூடாகவோ அமிலமாகவோ இருந்தால் அதையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்பதுதான் நடைமுறை. ஊருக்கும் நொய்யலுக்கும் அது நல்லது. நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் முன்பு வெளியே போன உப்பு இப்போது உங்கள் குழாய்க்குள்ளேயே திரண்டு நிற்கிறது. அதைத் தாங்கும் பொறுப்பு பம்பின் தலையில் விழுந்திருக்கிறது.

இனி அந்த ஸ்லீவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓ-ரிங் தடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கும். ஓ-ரிங்குக்கு அடியில் மயிரிழை அளவு இடுக்கில் தண்ணீர் தேங்குகிறது. அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோனால், உடைந்த படலம் மறுபடி மூடிக்கொள்ள வழியில்லை. கரையும் உலோகம் அந்தத் துளித் தண்ணீரை அமிலமாக்குகிறது, அமிலம் இன்னும் உலோகத்தைக் கரைக்கிறது, வெளியிலிருந்து குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. இம்பெல்லர் துளைகளும் இதே கதைதான். ஒரு குண்டூசியை விட்டுப் பாருங்கள்: வாய் சிறியது, உள்ளே குடம் மாதிரி அகன்றிருக்கும். விளிம்பில் காவி நிறக் கறை இருந்தால் அது அரிப்பு. இறக்கையின் நுழைவாயில் பக்கம் மட்டும் கடற்பஞ்சு போலக் கரடுமுரடாக, கறையில்லாமல் இருந்தால் அது கேவிட்டேஷன், அதாவது தண்ணீரில் உண்டாகும் ஆவிக் குமிழ்கள் நொறுங்கி உலோகத்தைக் கொத்துவது; அதற்கு மருந்து சக்ஷன் (தண்ணீரை உறிஞ்சும்) பக்கம் இருக்கிறது, உலோகத்தை மாற்றிப் பயன் குறைவு.

ஓடுகிற தண்ணீரைவிட நிற்கிற தண்ணீர்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு எமன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், 316 பம்புகளை உப்புப் போர்த் தண்ணீரில் அழுத்தச் சோதனை செய்துவிட்டு, வடிக்காமல் மூடிப் போட்டு அடுக்கிவிட்டோம். சில மாதம் கழித்துத் திறந்தால் கேசிங்கின் (பம்பின் வெளிக்கூட்டின்) அடிப்பகுதியில் வரிசையாகக் குழிகள். ஒரு மணி நேரம்கூட ஓடாத பம்புகள்! கையெழுத்துப் போட்டவன் நான்தான். இன்றும் பம்ப் ஆர்டர் எழுதும்போதெல்லாம் ‘சோதனைக்குப் பின் நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தவும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

சரி, எதை வாங்குவது? குழி அரிப்பைத் தாங்கும் திறனுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. குரோமிய சதவீதம், மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு, மூன்றையும் கூட்டுங்கள். 304-க்குச் சுமார் 18, 316-க்கு 24, டுப்ளெக்ஸ் 2205-க்கு 35 வரும். சூப்பர் டுப்ளெக்ஸ் 40-ஐத் தாண்டும். கடல்நீர் வேலைக்கு 40-க்கு மேல் கேட்பதுதான் வழக்கம். எனவே குளோரைடு 20,000-ஐத் தாண்டினால் 2205 நிச்சயம் பல மடங்கு உழைக்கும், ஆனால் ஓ-ரிங் இடுக்குகளில் அதுவும் ஒரு நாள் அரிக்கும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

ஆனால் உங்கள் வேலைக்கு உலோகமே வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டியிலிருந்து எவாப்பரேட்டர் ஃபீட் டேங்குக்குத் தள்ளுவது குறைந்த அழுத்தம், தண்ணீரும் சூடில்லை என்றால், பாலிப்ரொப்பிலீன் பம்ப் போதும். உப்பு அதை ஒன்றும் செய்யாது, விலையும் டுப்ளெக்ஸ் பக்கத்தில்கூட வராது. டுப்ளெக்ஸ் பணத்தை ஆர்.ஓ. ஹை பிரஷர் பம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிளாஸ்டிக் தாங்காது. சூடான எவாப்பரேட்டர் சர்க்குலேஷன் பம்பில் 316 வேண்டவே வேண்டாம். 60 டிகிரிக்கு மேல் குழியோடு நிற்காமல் விரிசலே விழும்.

டுப்ளெக்ஸ் வார்ப்பு வாங்கினால் ஹீட் நம்பரோடு (உருக்கிய தொகுதியின் எண்) கலவைச் சான்றிதழும் ஹீட் ட்ரீட்மென்ட் சார்ட்டும் கேளுங்கள். 1,040 டிகிரிக்கு மேல் சூடேற்றிச் சட்டென்று தண்ணீரில் குளிர வைக்காத டுப்ளெக்ஸ், பெயரளவில்தான் டுப்ளெக்ஸ்; விலை குறைவாகச் சொல்கிறவரிடம் இதை அவசியம் கேளுங்கள். எந்தப் பம்பானாலும் மெக்கானிக்கல் சீலின் (தண்டு வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம்) ஸ்பிரிங், ஹாஸ்டெல்லாய் சி என்ற நிக்கல் கலவையில் இருக்கட்டும். மெல்லிய 316 ஸ்பிரிங்தான் இந்தத் தண்ணீரில் முதலில் ஒடியும்.

புதுப் பம்ப் வரும்வரை இருக்கிற 316-ஐ ஓட்டியாக வேண்டும் அல்லவா? சக்ஷன் லைனில் அரை இஞ்ச் வால்வு ஒன்று போட்டு ஆர்.ஓ. பெர்மியேட் (வடிகட்டி வந்த நல்ல தண்ணீர்) லைனோடு இணையுங்கள். ஷிப்ட் முடிந்து பம்பை நிறுத்தும் முன் ரிஜெக்டை மூடிவிட்டு, ஐந்து நிமிடம் பெர்மியேட்டில் ஓட்டி, பிறகு கேசிங்கின் டிரெயின் பிளக்கைத் திறந்து வடியுங்கள்.