ஜான் ஹூஸ்டனின் எழுத்து வருடங்கள்

அன்புள்ள ஐயா,

ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'தி மேன் ஹூ வுட் பி கிங்' பார்த்தேன். அந்தக் கயிற்றுப் பாலம் இரண்டு நாளாகக் கண்ணிலேயே நிற்கிறது. முதல் படம் வந்தபோது அவருக்கு வயது 35 என்று படித்தேன். அதுவரை மற்றவர்கள் இயக்கும் படங்களுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். இவ்வளவு பெரிய கலைஞர் இத்தனை வருடங்களை வீணடித்துவிட்டாரே என்று வருத்தமாக இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.

அன்புள்ள கே.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வருடங்கள் இல்லையென்றால் உங்கள் கண்ணில் நிற்கும் பாலமும் இருந்திருக்காது.

ஹூஸ்டன் குத்துச்சண்டை போட்டவர், மெக்சிகோவில் குதிரையேற்றம் பழகியவர், ஓவியம் என்று பாரிஸில் அலைந்தவர். 1930களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டில் எழுதிப் பார்த்தார், நிலைக்கவில்லை. லண்டனில் கையில் காசில்லாமல் திண்டாடினார். பிறகுதான் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் திரைக்கதையாசிரியராகக் காலூன்றினார். அடுத்து எழுதுவது வெற்றி பெற்றால் ஒரு படம் இயக்கத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். அப்படி எழுதிய 'ஹை சியரா' ஓடியது. அதே 1941இல் அவர் இயக்கிய முதல் படம் 'தி மால்டீஸ் ஃபால்கன்' வந்தது.

அது ஒரு நாவலிலிருந்து எடுத்த படம். அந்த நாவலை வார்னர் ஏற்கெனவே இரண்டு முறை படமாக்கியிருந்தது. ஹூஸ்டன் நாவலின் வசனத்தைப் பெரும்பாலும் கை வைக்காமல் எடுத்துக்கொண்டார். ஷாட்களை முன்பே வரைந்து வைத்துக்கொண்டு செட்டுக்குப் போனார். நல்ல வசனத்தைத் தொடாமல் விடும் துணிச்சல், வருடக்கணக்கில் வசனம் எழுதியவருக்குத்தான் வரும் என்று நம்புகிறேன்.

'தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாட்ரே' (1948) பார்த்தீர்களா? மெக்சிகோ மலையில் மூன்று பேர் மாதக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த தங்கத்தூள். அதை விலங்குத் தோல் கட்டுகளோடு கொண்டுபோகிறார்கள். தோல் கட்டுகளின் எடையைக் கூட்டிக் காட்டப் போட்ட மண் என்று நினைத்துக் கொள்ளையர்கள் அதைக் கொட்டிவிடுகிறார்கள். காற்று வாரிக்கொண்டு போகிறது. விஷயம் தெரிந்ததும் மூவரில் ஒருவரான கிழவர் வயிறு குலுங்கச் சிரிக்கிறார், பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே நான் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். நடித்தவர் ஹூஸ்டனின் அப்பா வால்டர். பல்செட்டைக் கழற்றிவிட்டு நடித்தார். அவருக்கு ஒரு ஆஸ்கர். மகனுக்குத் திரைக்கதைக்கு ஒன்று, இயக்கத்துக்கு ஒன்று.

நீங்கள் பார்த்த படத்துக்கு வருகிறேன். கிப்ளிங்கின் அந்தக் கதையை 1950களிலேயே எடுக்க நினைத்தார். நடிக்க ஹம்ஃப்ரி போகார்ட், கிளார்க் கேபிள் இருவரும் மனதில் இருந்தார்கள். 1957இல் போகார்ட் இறந்துவிட்டார், 1960இல் கேபிள். ஹூஸ்டன் கதையை விடவில்லை. கடைசியில் கிளாடிஸ் ஹில்லோடு சேர்ந்து திரைக்கதை எழுதி, கதை நடக்கும் காஃபிரிஸ்தானை மொராக்கோவில் உருவாக்கி, ஷான் கானரியையும் மைக்கேல் கெய்னையும் வைத்து எடுத்தார். படம் 1975இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 69.

கிரீடத்தோடு பாலத்தின் நடுவில் நின்று கானரி பாடுகிறார். கயிறு வெட்டுப்படுகிறது. கெய்னும் கூடவே பாடுகிறார். தங்கம் காற்றோடு போனபோது சிரித்த கிழவரின் உறவுக்காரர்கள் இவர்கள். சியரா மாட்ரேயைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.