வழியில் நின்ற காருக்கு எந்த ஜாக்கி? – கேள்வி பதில்

ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனத்துக்கு அருகே 22 ஆண்டுகளாகப் பணிமனை நடத்திவருகிறேன். பஞ்சரான காரோடு வழியில் நின்றவர்களுக்கு உதவப் போன இடங்களில், டயரைவிட ஜாக்கியே பெரிய தொல்லையாக இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஸ்விஃப்ட். 2 டன் ஜாக்கி போதுமா, 3 டன் வாங்க வேண்டுமா? (விழுப்புரம் வாசகர்)

ஸ்விஃப்ட்டின் எடை ஏறத்தாழ 900 கிலோதான். அதிலும் நீங்கள் தூக்கப்போவது முழு வண்டியை அன்று, ஒரு மூலையை மட்டுமே. ஆகவே தரமான 1 டன் ஜாக்கியே உங்கள் பாரத்தைத் தாங்கும். டன் கணக்கைப் பார்த்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்க்கத் தவறுவது, ஜாக்கி முழுவதும் மடங்கியிருக்கும்போது உள்ள உயரத்தையும் முழுவதும் விரிந்தபின் எட்டும் உயரத்தையும்தான். காற்றுப் போன டயரில் நிற்கும் கார் பல சென்டிமீட்டர் தாழ்ந்துவிடுவதால், கடையில் சரியாக இருக்கும் என்று தோன்றிய ஜாக்கி சாலையில் அடியிலேயே நுழையாது. அடுத்து, தூக்கத் தொடங்கியதும் சஸ்பென்ஷன் (சக்கரத்தைத் தாங்கும் சுருள்வில் அமைப்பு) முதலில் தொங்குமே தவிர டயர் உடனே தரையை விட்டு எழாது. அப்படி எழுந்த பிறகும், காற்று நிறைந்த ஸ்டெப்னி உள்ளே போக இன்னும் ஐந்தாறு சென்டிமீட்டர் இடைவெளி தேவைப்படும்.

ஆகவே ஒரு விடுமுறை நாளில், சமமான தரையில் ஒரு டயரின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, தரைக்கும் காரின் விளிம்பில் ஜாக்கி வைக்கக் குறித்திருக்கும் இடத்துக்கும் உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியோடு வந்த ஜாக்கியால் தூக்கி ஸ்டெப்னியை மாட்டிப் பார்த்து, அப்போதைய உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களோடு கடைக்குப் போனால் யாரும் உங்களுக்குத் தவறான ஜாக்கியை விற்க முடியாது.

கேள்வி: ஹோண்டா சிட்டிக்குப் பாட்டில் ஜாக்கி வாங்கலாமா? அதுதான் உறுதியானது என்று நண்பர் சொல்கிறார். (சேலம்)

பாட்டில் வடிவில் நிமிர்ந்து நின்று, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி அது. உறுதியானதுதான், ஆனால் உங்கள் வண்டிக்கு உரியதன்று. 2 டன் பாட்டில் ஜாக்கிகள் பலவற்றின் மடங்கிய உயரமே 15 முதல் 18 சென்டிமீட்டர் என்பதால், காற்றிறங்கிய செடானின் அடியில் அது நுழைவது கடினம். மேலும், அதன் தலை சிறிய வட்டமாக இருக்கும். சிட்டி போன்ற கார்களில் ஜாக்கி வைக்கும் இடமோ இரண்டு தகடுகள் சேர்ந்த மெல்லிய விளிம்பு. அந்த விளிம்பைக் கவ்வும் பள்ளம் ஜாக்கியின் தலையில் இல்லாவிட்டால் தகடு மடியும், வண்டியும் நழுவும். சேஸிஸ் (அடியில் தனி இரும்புச் சட்டகம்) உள்ள பொலேரோ போன்ற உயரமான வண்டிகளில் பின் அச்சுக்கு அடியில் வைத்துத் தூக்கப் பாட்டில் ஜாக்கியே சிறந்தது. அச்சையே தூக்குவதால் சஸ்பென்ஷன் தொங்கும் உயரம் மிச்சமாகிறது.

கேள்வி: வண்டியோடு வந்த கத்தரி வகை ஜாக்கி, தொடக்கத்தில் சுற்றவே முடியாமல் இறுகுகிறது. பழுதா? (மதுரை)

பெரும்பாலும் பழுதன்று, அதன் அமைப்பு அப்படி. கத்தரிபோல் விரியும் ஜாக்கியின் கைகள் படுத்த நிலையில் இருக்கும்போது திருகின்மேல் இழுவிசை மிக அதிகமாக விழும். கைகள் தரையோடு 45 பாகைக் கோணத்தில் இருந்தால் திருகு தாங்குவது பாரத்தின் அளவே; 15 பாகையில் அதுவே ஏறத்தாழ 3.7 மடங்காகிறது. மரையைத் துடைத்துக் கிரீஸ் தடவிப் பாருங்கள். சுற்றும்போது மரை தாண்டி நழுவுவதுபோல் உணர்ந்தாலோ, திருகு வளைந்திருந்தாலோ தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நான் பெரும்பாலும் தனியாகவே கார் ஓட்டிச் செல்கிறேன். சுற்றும் வலிமை இல்லாததால் மின்சார ஜாக்கி வாங்க நினைக்கிறேன். (கோவை வாசகி)

வாங்கலாம், ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். தனியாக நிற்பவர்களை உண்மையில் தோற்கடிப்பது ஜாக்கியன்று, வீல் நட்டு. கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டை, வண்டியோடு தரும் குட்டையான ஸ்பேனரால் கழற்றுவது வலிமையான ஆண்களுக்கே கடினம். நீட்டிக்கொள்ளும் கைப்பிடி உள்ள வீல் ஸ்பேனரை முதலில் வாங்குங்கள். தூக்குவதற்கு முன்பே, டயர் தரையில் இருக்கும்போதே, எல்லா நட்டுகளையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். அதன் பிறகும் மின்சார ஜாக்கி வேண்டுமென்றால், அது இழுக்கும் ஆம்பியரை உங்கள் காரின் 12 வோல்ட் சாக்கெட்டுக்குரிய ஃபியூஸ் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சாலையோர மண்ணில் ஜாக்கி புதைகிறது. என்ன செய்வது? (செங்கல்பட்டு)

ஒரு மழைநாள் மாலையில் இப்படிப்பட்ட அழைப்பு ஒன்றுக்குப் போனேன். ஜாக்கியின் ஒரு ஓரம் செம்மண்ணில் இறங்க, சக்கரம் கழற்றிய நிலையில் கார் சாய்ந்து விழுந்து, பிரேக் டிஸ்க் விளிம்புவரை மண்ணில் குத்தி நின்றது. கழற்றிய டயரைப் பிடித்தபடி அருகில் ஒரு பையன் நின்றிருந்தான். அவன் கால் இருந்த இடத்துக்கும் டிஸ்க்குக்கும் ஒரு சாண்தான் தூரம். அன்றிலிருந்து என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பலகைத் துண்டு கொடுத்தனுப்புகிறேன். 25 சென்டிமீட்டர் சதுரமும் 2 சென்டிமீட்டர் கனமும் உள்ள பிளைவுட் போதும். கோடையில் இளகிய தாரிலும் அது உதவும்.

பல கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கம் தூக்கும்போது அந்தப் பிடியில் பாதி போய்விடுவதால், கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு இருபுறமும் கல் வைத்து முட்டுக் கொடுங்கள். ஸ்டெப்னியை முதலில் காரின் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ ஒருபோதும் நுழைக்காதீர்கள்.

கேள்வி: புதிய காரில் ஜாக்கியே இல்லை. தனியாக வாங்கட்டுமா? (சென்னை)

முதலில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். டயர் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 ஜூலையில் விதி திருத்தப்பட்டது. மாற்று டயர் இல்லாமல் ஜாக்கி மட்டும் வாங்குவதில் பெரிய பயனில்லை.

கேள்வி: புதுப்பேட்டையில் பழைய ஜாக்கி வாங்கலாமா? (தாம்பரம்)

உங்கள் மாடலோடு வந்த ஜாக்கியாகவே கிடைத்தால் வாங்கலாம். கைகள் சேரும் இடத்தில் ஆணிகள் ஆடக்கூடாது, பற்கள் ஒன்றோடொன்று முழுதாகக் கவ்வ வேண்டும், தலைப்பள்ளம் விரிந்திருக்கக்கூடாது. பழைய ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் வாங்காதீர்கள். சீல் கசிந்தால் பாரத்தோடு மெல்ல இறங்கும், வெளியில் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: வளைவில் பஞ்சரானால் அங்கேயே தூக்கலாமா? (கிருஷ்ணகிரி)

கூடாது. ஹசார்டு விளக்கைப் போட்டு, டயர் கிழிந்தாலும் பரவாயில்லை என்று மெதுவாக ஓட்டிச் சமமான, அகலமான இடத்துக்குப் போய்விடுங்கள். அப்படி இடமில்லாத தேசிய நெடுஞ்சாலை என்றால், அனைவரையும் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அழையுங்கள். ஜாக்கி டிக்கியிலேயே இருக்கட்டும்.