நல்ல தலைமை என்றால் என்ன? அது உங்களுக்கு எப்போது, எப்படிப் புரிந்தது?

எனக்கு அது ஒரு காலி ரிஜிஸ்டரைப் பார்த்தபோது புரிந்தது.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். செக்கிங்கில் சேர்ந்து ஆறு வருடம் கழித்து, 30 மிஷின் உள்ள ஒரு லைனை என் பொறுப்பில் விட்டார்கள். மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுத வேண்டும். எண் குறைந்தால் மேலே இருப்பவர்கள் என்னைக் கேட்பார்கள், நான் டைலர்களிடம் கத்துவேன். கத்தினால் எண் ஏறியது. லைனை நடத்துவது என்றால் இதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

குழந்தைத் துணி தைக்கும் இடத்தில் ஊசி விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. ஊசி உடைந்தால் உடனே மிஷினை நிறுத்த வேண்டும். காந்தத்தை வைத்துத் துண்டுகளைத் தேடி எடுத்து, சேர்த்துவைத்தால் முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மிஷின் நம்பர் எழுத வேண்டும். பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துணுக்கு கிடைக்காவிட்டாலும் சுற்றியிருக்கும் பீஸ் அத்தனையையும் ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். அரை மணி நேரம்கூடப் போய்விடும். போர்டில் எண் விழும்.

என் லைனில் இரண்டு மாதமாக அந்த ரிஜிஸ்டரில் ஒரு வரிகூட ஏறவில்லை. எனக்கு அதில் பெருமை.

ஷிப்மென்ட்டுக்கு முந்தைய நாள் ராத்திரி, பேக்கிங்குக்குப் போன ஒரு பாப்பா சட்டையில் டிடெக்டர் கத்தி நின்றது. கழுத்துத் தையலைப் பிரித்தால் உள்ளே ஊசி முனை. எள்ளைவிடக் கொஞ்சம்தான் நீளம். அந்தச் சட்டையைப் போட்டிருக்கக்கூடிய குழந்தையின் கழுத்தை நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

தைத்தது வேலைக்கு வந்து நான்கு மாதமே ஆன ஒரு தங்கச்சி. ஊசி உடைந்ததும் பர்ஸில் வைத்திருந்த வேறு ஊசியை மாட்டி ஓட்டியிருக்கிறாள். "நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேங்க்கா" என்று அழுதாள். இவளை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என நான் கொதித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஃப்ளோர் இன்சார்ஜ் அண்ணன் எதுவும் பேசாமல் ரிஜிஸ்டரை எடுத்துக் காலிப் பக்கங்களைப் புரட்டினார்.

"முப்பது மிஷின் ஓடற லைன்ல ரெண்டு மாசமா ஒரு ஊசிகூட ஒடையலீன்னா என்ன அர்த்தம் கண்ணு? ஒடைஞ்சது உன்ற காதுக்கு வரலைன்னு அர்த்தம்."

அன்று ராத்திரி கட்டிய பெட்டிகளை எல்லாம் பிரித்து ஒவ்வொரு பீஸையும் மறுபடி விட்டோம். அவரும் எங்களோடு கடைசிவரை நின்றார். மறுநாள் பையர் தரப்பு ஆள் வந்து கேட்டபோது, "என் ஃப்ளோர்ல நடந்த தப்புங்க" என்றார். அவள் பெயரையும் சொல்லவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் சேலஞ்சர் விண்கலத்தைப் பற்றிப் படித்தபோது அந்தக் காலிப் பக்கங்கள்தான் கண்முன் வந்தன. 1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட 73 விநாடியில் ஏழு பேரோடு சிதறிப்போன விண்கலம் அது. பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் சரியாக வேலை செய்யவில்லை. முந்தைய நாள் ராத்திரியே, பூஸ்டரைச் செய்துகொடுத்த மார்ட்டன் தயோகால் கம்பெனியின் இன்ஜினியர்கள் இவ்வளவு குளிரில் ஏவவேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். நாசா தரப்பில் அதை எதிர்த்துக் கேட்டதும் கம்பெனி மேலாளர்கள் தனியாகப் பேசிவிட்டு வந்து சம்மதம் கொடுத்துவிட்டார்கள். ஏவலாம் என்று கடைசி முடிவெடுத்தவர்களுக்கு இன்ஜினியர்கள் தடுத்ததே தெரியாது என்று பின்னால் விசாரணைக் குழு எழுதியது.

அதைப் படித்த பிறகு எனக்கு இன்னொன்றும் உறைத்தது. பயமில்லாமல் வந்து சொல்லுங்கள் என்று நம் ஆட்களிடம் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அங்கே பயப்படாமல்தான் சொன்னார்கள். கேட்டவர்கள் அதற்கான விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை. என் லைனில் அந்த விலை போர்டில் விழும் எண். அதற்கான பேச்சை நான் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால்தான் ஒரு டைலர் மிஷினை நிறுத்துவாள்.

அதனால் இப்போது ஊசி உடைந்தது என்றால் முதல் ஆளாக நானே காந்தத்தோடு போய் மிஷினுக்கு அடியில் உட்காருகிறேன். அந்த மணிக்குப் போர்டில் குறைந்த எண்ணை எழுதி, பக்கத்தில் 'ஊசி' என்றும் எழுதிவிடுகிறேன். முதல் மாதமே ரிஜிஸ்டரில் 11 வரி ஏறியது. மேலே இருந்து கேள்வி வந்தது. சுலபமாக இல்லை. ஷிப்மென்ட் நெருக்கும் நாட்களில் குரல் இன்னமும் உயரத்தான் செய்கிறது. அப்படிக் கத்திவிட்டால் மறுநாள் காலையில் அந்த மிஷினுக்குப் போய்ப் பேசிவிட்டுத்தான் லைனை ஆரம்பிக்கிறேன்.

போன மாதம் அதே தங்கச்சி மிஷினை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "அக்கா, சைஸ் லேபிள் மாத்தி வெச்சுட்டேன். எண்பது பீஸ் இருக்குங்க்கா." பிரித்துத் தைக்க மதியம் முழுக்க ஆகிவிட்டது. சாயங்காலம் எண் ஏன் விழுந்தது என்று மேனேஜர் கேட்டார்.

"லேபிளை நான் சரி பாக்காம விட்டுட்டேங்க சார்" என்றேன்.