ஆளுக்கு மார்க்கா, விலைக்கு மார்க்கா?

வாசகர் கேள்வி – பதில், விளையாட்டுப் பக்கம்

ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் என்.எஃப்.எல். லீக் தன் டிராஃப்டை நடத்தும். அங்கே வியாழன் இரவு எட்டு மணி என்றால் இங்கே வெள்ளி விடிய ஐந்தரை. வன்னியில் யாருக்கு இதில் அக்கறை என்று கேட்காதீர்கள். ரொறன்ரோவில் மருமகனோ பேரனோ இல்லாத வீடு இங்கே குறைவு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அங்கே தொடங்குகிற சண்டைக்குத் தீர்ப்பு இங்கேதான் கேட்கிறார்கள். வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைச் சுற்றியவற்றைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதி ஆடும் அமெரிக்கன் புட்போல் பற்றிய பேச்சு இது, நாங்கள் ஆடும் உதைபந்தாட்டம் இல்லை.

டிராஃப்ட் என்றால் என்ன? தோற்ற அணிக்கு ஏன் முதல் இடம் கொடுக்கிறார்கள்? – மல்லாவி வாசகர்

கல்லூரிகளில் ஆடிவிட்டு வரும் பெடியளை 32 அணிகளும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுப்பதுதான் டிராஃப்ட். ஏழு சுற்று, மூன்று நாள். போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி இடம். எங்கட பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று 5 வீதம் ஒதுக்கியிருக்கிறார்கள் அல்லவா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, அதே யோசனைதான் இதுவும்: மேலே நிற்பவர் என்றென்றைக்கும் மேலேயே நிற்காமல் பார்த்துக்கொள்வது. ஒரு வித்தியாசம், அங்கே அந்த இடத்தை விற்கலாம். "முதலாவது இடத்தை நீ எடு, உன் இடத்தையும் அடுத்த வருடத்து முதல் சுற்றையும் எனக்குத் தா" என்று பேரம் பேசலாம். கீழே வருகிற சண்டைகளில் பாதி இந்தப் பேரத்தில் பிறந்தவை.

ஸ்காபரோவில் இருக்கும் என் சித்தப்பா டிராஃப்ட் முடிந்த மறுநாளே ஒவ்வொரு அணிக்கும் 'ஏ', 'பி', 'எஃப்' என்று மார்க் போட்டு அனுப்பிவிடுவார். அவருடைய மகன் "மூன்று வருசம் போகட்டும் அப்பா, அப்புறம் பேசுவம்" என்கிறான். யார் சரி? – பரந்தன் வாசகர்

ஆளைப் பொறுத்தவரை மகன் சரி. விலையைப் பொறுத்தவரை சித்தப்பா சரி. இரண்டையும் ஒரே மார்க்குக்குள் திணிப்பதால்தான் உங்கள் குழுவில் வருடா வருடம் சண்டை.

முதலில் ஆள். 2012இல் சியாட்டில் சீஹாக்ஸ் 15ஆவது இடத்தில் புரூஸ் இர்வினையும், 47இல் பொபி வாக்னரையும், 75இல் ரசல் வில்சனையும் எடுத்தது. மறுநாள் மார்க் போட்டவர்களில் பலர் அந்த அணியைக் கீழே தள்ளினார்கள், 'எஃப்' கொடுத்தவரும் உண்டு. இர்வினை அவ்வளவு முன்னால் எடுத்திருக்கத் தேவையில்லையாம், வில்சன் ஆறடிகூட இல்லையாம், அதோடு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் மாட் ஃபிளின் என்ற குவாட்டர்பேக்கைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்களாம். குவாட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், அணியின் மூளை என்று வையுங்கள். வில்சன் முதல் போட்டியிலிருந்தே அந்த இடத்தில் நின்றார், வாக்னர் பல வருடம் லீக்கின் மிகச் சிறந்த தடுப்பாளர்களில் ஒருவராக இருந்தார், 2014 பெப்ரவரியில் சியாட்டில் டென்வரை 43–8 என்று அடித்து சூப்பர் போல் வென்றது.

அந்த மார்க் எப்படி வருகிறது என்று பாருங்கள். நிபுணர் டிராஃப்டுக்கு முன்னமே தனக்கென்று ஒரு வரிசைப் பட்டியல் எழுதி வைத்திருப்பார். அணி எடுத்த ஆள் அந்தப் பட்டியலில் 60ஆவது, எடுத்த இடம் 15 என்றால் மார்க் விழும். அணி எவ்வளவு கெட்டித்தனமாக எடுத்தது என்பதற்கு அதில் இடமில்லை, தன்னோடு எவ்வளவு ஒத்துப்போனது என்பதற்குத்தான் மார்க். உங்கள் சித்தப்பா அந்த நிபுணர்களின் மார்க்கைப் பார்த்துத்தான் தன்னுடையதைப் போடுகிறார் என்று சந்தேகிக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் விலை வேறு கதை. 1999இல் நியூ ஓர்லியன்ஸ் அணியின் பயிற்றுநர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஓட்டக்காரரை 5ஆவது இடத்தில் எடுப்பதற்காக அந்த வருடத்தில் தன்னிடம் இருந்த மற்ற எல்லா இடங்களையும், அதுக்கு மேல் அடுத்த வருடத்து முதல் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் தூக்கிக் கொடுத்தார். அந்த டிராஃப்டில் அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரே ஆள். இதற்கு மார்க் போட மூன்று வருடம் எதற்கு? வில்லியம்ஸ் நல்ல ஆட்டக்காரர்தான், பின்னர் 2002இல் மயாமிக்குப் போய் அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக யார்டு ஓடினார். அப்படியும் அந்தப் பேரம் மோசமான பேரம்தான், ஏனென்றால் ஒருவருக்குக் காலில் அடிபட்டால் முழு டிராஃப்டும் போய்விடும் என்பது கொடுத்த அன்றைக்கே தெரியும்.

எடுத்த உடனேயே ரசிகர்கள் கூச்சல் போடுவது முறையா? – நெடுங்கேணி வாசகி

முறையோ இல்லையோ, போடுவார்கள். அதே 1999இல் பிலடெல்பியா 2ஆவது இடத்தில் டொனவன் மக்னாப் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தபோது, வில்லியம்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்று வந்திருந்த அந்த ஊர் ரசிகர்கள் மண்டபத்திலேயே ஊளையிட்டார்கள். மக்னாப் அந்த அணியை ஐந்து முறை மாநாட்டு இறுதிப் போட்டிக்கும் (லீக்கின் இரண்டு பிரிவுகளை அங்கே மாநாடு என்பார்கள், சூப்பர் போலுக்கு முந்திய படி அது) ஒருமுறை சூப்பர் போலுக்கும் கொண்டுபோனார். ஊளையிட்டவர்களில் எத்தனை பேர் பிறகு அவருடைய இலக்கம் போட்ட சட்டை வாங்கினார்களோ தெரியாது, எனக்கு அதை அறிய ஆசை.

கடைசியில் ஆள் நல்லா ஆடினால் அது நல்ல தெரிவு, ஆடாவிட்டால் கெட்ட தெரிவு. இதில் என்ன ஆராய்ச்சி? டொம் பிரேடியைப் பாருங்கோ. – புதுக்குடியிருப்பு வாசகர்

பார்ப்போம் தம்பி. பிரேடியை 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாக, ஆறாவது சுற்றில் எடுத்தது நியூ இங்கிலாந்து. ஏழு சூப்பர் போல் வென்றவர், அதில் ஆறு அந்த அணிக்காக. உங்கள் கணக்கில் உலகத்திலேயே பெரிய கெட்டித்தனம் இதுதான். ஆனால் அந்த வருடம் நியூ இங்கிலாந்து பிரேடிக்கு முன்னால் வேறு ஆறு பேரை எடுத்தது. இப்படி ஒரு ஆள் என்று தெரிந்திருந்தால் 199 மட்டும் காத்திருப்பார்களா, இடையில் யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால்? எடுத்ததில் அதிர்ஷ்டம் நிறைய இருந்தது. நான் மார்க் போடுவது அடுத்த கட்டத்துக்கு: முதல் வருடம் பிரேடி நாலாவது குவாட்டர்பேக், எந்த அணியும் நாலு பேரை வைத்துக்கொண்டு ஓர் இடத்தை வீணாக்காது, இவர்கள் வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் இரண்டாவது போட்டியில் முதல் ஆள் ட்ரூ பிளெட்சோவுக்குப் பலமாக அடிபட்டபோது பிரேடி தயாராக நின்றார். அந்த முடிவை யாரும் டிராஃப்ட் மார்க்கில் சேர்ப்பதில்லை.

சான் பிரான்சிஸ்கோ அணி ஒரு பெடியனுக்காக அள்ளிக் கொடுத்து ஏமாந்தது, அடுத்த வருசமே ஒரு பெடியன் சும்மா கிடைத்து சூப்பர் போல் மட்டும் கொண்டுபோனான். இந்த அணிக்கு என்ன மார்க்? என் மகனும் மருமகனும் இதில் கதைக்காமல் இருக்கிறார்கள். – வவுனியா, ஓர் அம்மா

அம்மா, உங்கள் கேள்விதான் இந்த மாதத்தில் ருசியானது.

2021இல் சான் பிரான்சிஸ்கோ 12ஆவது இடத்திலிருந்து 3க்கு ஏறுவதற்கு மயாமிக்குக் கொடுத்தது: அந்த 12, அடுத்த இரண்டு வருடத்து முதல் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று. அந்த 3இல் எடுத்தது ட்ரே லான்ஸ் என்ற குவாட்டர்பேக்கை. வயது குறைவு, கல்லூரியில் ஒரே ஒரு முழுப் பருவம்தான் ஆடியவர், 2020இல் கொரோனாவால் அவருடைய கல்லூரி ஒரு போட்டிதான் ஆடியது. அதாவது ஆளைப் பற்றித் தெரிந்தது மிகக் கொஞ்சம், கொடுத்தது மிக அதிகம். 2022இல் இரண்டாவது போட்டியில் அவருக்குக் கணுக்கால் முறிந்தது, 2023 ஓகஸ்டில் ஒரு நாலாம் சுற்று இடத்துக்கு டாலஸிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அணிக்காக அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது நாலே போட்டி.

2022 டிராஃப்டின் 262ஆவது ஆள், அதாவது கடைசி ஆள், புரொக் பேர்டி. அந்தக் கடைசி ஆளுக்கு அங்கே ஒரு கேலிப்பட்டமே இருக்கிறது, 'வேண்டாத ஆள்' என்கிற மாதிரி. அந்தப் பெடியன் முதல் பருவத்திலேயே அணியை மாநாட்டு இறுதிக்கும், 2024 பெப்ரவரியில் சூப்பர் போலுக்கும் கொண்டுபோனான். மேலதிக நேரத்தில் 25–22 என்று கன்சாஸ் சிட்டியிடம் தோற்றார்கள்.

மகனும் மருமகனும் ஒன்றைக் கொண்டு மற்றதை அடிப்பதால்தான் முடிவுக்கு வர முடியவில்லை. லான்ஸ் விஷயத்தில் கணுக்கால் முறிந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் அவ்வளவு குறைவாகப் பார்த்த ஒருவருக்கு மூன்று முதல் சுற்று கொடுத்ததற்குச் சொல்லலாம், அவருக்கு அடிபடாமல் இருந்திருந்தாலும் சொல்லலாம். பேர்டி விஷயத்தில் அணிக்குக் கிடைக்கும் பாராட்டு, கடைசி இடத்தையும் சும்மா விடாமல் ஒரு குவாட்டர்பேக்குக்குச் செலவழித்ததற்கு. மற்றதெல்லாம் பெடியனின் கெட்டித்தனம், பயிற்றுநர் கைல் ஷானஹனின் ஆட்ட முறை. மருமகனோடு கதைக்கச் சொல்லுங்கள்.

அப்போ நல்ல ஆளை எடுத்தால் மட்டும் போதாதா? – முள்ளியவளை வாசகர்

போதாது. 2017இல் சிக்காகோ 3இலிருந்து 2க்கு ஓர் இடம் ஏறுவதற்காகவே மேலதிக இடங்களைக் கொடுத்து மிட்செல் ட்ருபிஸ்கி என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. கன்சாஸ் சிட்டி 27இலிருந்து 10க்கு ஏறி பட்ரிக் மஹோம்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது, அதற்கு 27, ஒரு மூன்றாம் சுற்று, அடுத்த வருடத்து முதல் சுற்று மூன்றையும் பஃபலோவுக்குக் கொடுத்தது. விலை கொஞ்சம் இல்லை. ஆனால் அங்கே அலெக்ஸ் ஸ்மித் என்ற அனுபவசாலி இருந்தார், மஹோம்ஸ் முதல் வருடம் முழுக்க வெளியே இருந்து படித்துவிட்டுப் பருவத்தின் கடைசிப் போட்டியில் மட்டும் இறங்கினார். பிறகு மூன்று சூப்பர் போல். சிக்காகோ மஹோம்ஸையே எடுத்து அன்றைக்கே களத்தில் தள்ளியிருந்தால் இதே கதை வந்திருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மஹோம்ஸை விட்டதற்காகச் சிக்காகோக்காரரைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு விட வேண்டும்.

இடங்களுக்குப் புள்ளி அட்டவணை இருக்கிறதாமே? – விசுவமடு வாசகர்

இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டாலஸ் அணியின் பயிற்றுநர் ஜிமி ஜோன்சன் காலத்தில் வந்தது. முதலாவது இடத்துக்கு 3000 புள்ளி, இரண்டாவதுக்கு 2600, பத்தாவதுக்கு 1300, 32ஆவதுக்கு 590. பேரம் பேசும்போது கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்கு. பிறகு கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் (தேலர் 2017இல் பொருளியலுக்கு நோபல் வாங்கியவர்) கணக்குப் போட்டு, அணிகள் மேல் இடங்களுக்கு அளவுக்கு மிஞ்சி விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள். ஒரே நிலையில் ஆடுகிறவர்களில் முதலில் எடுத்தவர் அடுத்து எடுத்தவரைவிட நன்றாக வருவது, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிடக் கொஞ்சந்தான் மேலாம். சம்பளத்தையும் பாருங்கள்: 2010இன் முதல் ஆள் சாம் பிராட்ஃபர்டுக்கு உறுதி செய்த தொகை மட்டும் 50 மில்லியன் டொலர், லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் புதிய ஒப்பந்தம் செய்த பிறகு 2011இன் முதல் ஆள் கம் நியூட்டனுக்கு நாலு வருடத்துக்கு 22 மில்லியன். அதனால் பழைய காலத்துச் சறுக்கலையும் இப்போதையதையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

எங்கட ஊர்ப் பிரீமியர் லீக்கில் நாலு அணிக்கும் பெடியளைப் பிரிச்சு எடுத்தோம். எங்கட அணி மனேஜர் அண்ணை முதலாவதாக ஒரு கோலியை, அதுதான் கோல் காக்கிற பெடியனை, எடுத்தார். கோல் அடிக்கிற பெடியனை விட்டுட்டார் என்று எல்லாரும் ஏசுகிறார்கள். நானும் ஏசினேன். – ஒட்டுசுட்டான் வாசகர்

ஏசுவதற்கு முன் ஒன்று கேட்டீர்களா, பட்டியலில் எத்தனை கோலி இருந்தார்கள்? நாலு அணிக்கு நல்ல கோலி இரண்டே பேர், கோல் அடிக்கிறவர்கள் பத்துப் பேர் என்றால் அண்ணை செய்தது சரி. பத்துப் பேரில் ஒருவர் அடுத்த சுற்றிலும் கிடைப்பார், கோலி கிடைக்க மாட்டார். அமெரிக்காவில் குவாட்டர்பேக்குக்கு விலை ஏறுவதும் இதே காரணத்தால்தான். ஆறு கோலி இருந்தார்கள் என்றால் தாராளமாக ஏசுங்கள்.

அடுத்த முறைக்கு ஒரு சி.ஆர். கொப்பி வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு ஆளை எடுத்த உடனேயே அந்த இடத்திலேயே எழுத வேண்டும்: யாரை எடுத்தோம், ஏன், அந்த நேரம் இன்னும் யார் யார் மிச்சம் இருந்தார்கள். பேனாவால், பென்சில் வேண்டாம். போட்டி முடிந்த பிறகு எல்லோரும் "நான் அப்பவே சொன்னனான்" என்பார்கள், கொப்பியைத் திறந்தால் யார் அப்பவே சொன்னது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, இரண்டாம் சுற்றில் வரிசையைத் திருப்பிப் போடுங்கள், முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுக்கட்டும். பாதிச் சண்டை அங்கேயே போய்விடும்.

டிராஃப்டில் முதன்முதலாக எடுக்கப்பட்ட ஆள் யார்? எப்படி ஆடினார்? – துணுக்காய் மாணவன்

ஜே பெர்வாங்கர், 1936. எடுத்தது பிலடெல்பியா. பணப் பேச்சு சரிவராமல் உரிமையைச் சிக்காகோவுக்கு மாற்றினார்கள், அங்கேயும் சரிவரவில்லை. அந்த லீக்கில் அவர் ஒரு போட்டிகூட ஆடவில்லை. இதற்கு என்ன மார்க் என்று உங்கள் வகுப்பில் கேட்டு எழுதி அனுப்புங்கள்.