அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காது கேக்காது, எனக்கு எப்படி கேக்குது?

ஒரே குறை உள்ள ரெண்டு பேருக்குக் குறையே இல்லாத பிள்ளை எப்படிப் பிறக்கும், காம்ப்ளிமென்டேஷன்னா என்னன்னு கேட்டிருக்கீங்க. பரீட்சைக்குப் படிக்கிறவரா இருப்பீங்க. எனக்கு இது வீட்டு விஷயம்.

எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் பிறவியிலேயே காது கேக்காது. அம்மாவைப் பெத்தவங்க தாய்மாமன் கல்யாணம், அப்பாவைப் பெத்தவங்க அத்தை பசங்க மாமா பசங்க. நான் கைக்குழந்தையா இருக்கும்போது பாட்டி என் தலைக்குப் பின்னாடி எவர்சில்வர் டம்ளரைக் கீழ போட்டாங்களாம், நான் வெடுக்குன்னு திரும்பினதைப் பார்த்து அப்பா அழுதுட்டாராம். ராத்திரி நான் அழுதா தெரியணும்னு அம்மா தன் கையில இருந்து என் காலுக்கு ஒரு நூல் கட்டிக்கிட்டுதான் தூங்குவாங்க. அப்படி வளர்த்தவங்களைத்தான் சொந்தக்காரங்க, ரெண்டு செவிடுக்கு எப்படி கேக்குற புள்ள பொறந்துச்சுன்னு ஒரு மாதிரி பேசினாங்க. காது கேக்கலன்னாலும் மூஞ்சிய பார்த்தே அம்மாவுக்குப் புரிஞ்சிருக்கு.

விஷயம் இதுதான். கெட்டுப்போனா செவிடாக்குற ஜீன் நூறுக்கும் மேல இருக்கு. பெரும்பாலானது நமக்கு ரெண்டு காப்பி இருக்கும், அதுல நிறைய ஜீனுக்கு ஒண்ணு நல்லா இருந்தா போதும். அப்பாவுக்கு 'அ'ங்கிற ஜீன்ல ரெண்டு காப்பியும் கெட்டுப்போயிருக்கு, அம்மாவுக்கு 'ஆ'வுல ரெண்டும்னு வைங்க. எனக்கு அப்பாகிட்ட இருந்து கெட்ட 'அ'வும் நல்ல 'ஆ'வும், அம்மாகிட்ட இருந்து நல்ல 'அ'வும் கெட்ட 'ஆ'வும் வரும், ஆக ரெண்டுலயும் ஒரு நல்ல காப்பி இருக்கு, கேக்குது. ஒருத்தர் குறையை இன்னொருத்தர் ஈடுகட்டறதுதான் காம்ப்ளிமென்டேஷன். ரெண்டு பேருக்கும் 13வது குரோமோசோம்ல இருக்கிற ஜிஜேபி2 ஜீனே கெட்டிருந்தா, உடைஞ்ச இடம் வேற வேறன்னாலும் பிள்ளைக்கு நல்ல காப்பி கிடைக்காது.

சீமோர் பென்ஸர்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி 1950கள்ல, பாக்டீரியாவைத் தாக்குற டி4 வைரஸை வச்சு இதையேதான் செஞ்சார். ஈ.கோலை பாக்டீரியாவோட கே வகையில தனியா பெருக முடியாத ரெண்டு மியூட்டன்டை, அதாவது ஜீன் கெட்டுப்போன வைரஸை, ஒரே பாக்டீரியாவுக்குள்ள விட்டார், சேர்ந்து பெருகினா வேற ஜீன், பெருகலைன்னா ஒரே ஜீன். அப்படித்தான் அந்த வைரஸோட டி.என்.ஏ.வுல ஆர்2ங்கிற பகுதியை ஏ, பின்னு ரெண்டாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் சிஸ்ட்ரான்னு பேர் வச்சார்.

ஒரு காப்பி கெட்டாலே குறை வர்ற டாமினன்ட் மியூட்டேஷனுக்கு இந்த டெஸ்ட் செல்லாது, ஒரே ஜீனுக்குள்ளயே சில நேரம் ஈடுகட்டும், அதெல்லாம் தெரியும், கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க. ஜுரத்துல போன காதா இருக்கும்னும் சொல்லாதீங்க, ரெண்டு பக்கமும் கூடப்பிறந்தவங்களுக்கும் கேக்காது.

காலேஜ்ல 'பெற்றோர் இருவருக்கும் ஒரே ரிசசிவ் குறை, பிள்ளைக்கு?'ன்னு கேள்வி வந்துச்சு (ரிசசிவ்னா ரெண்டு காப்பியும் கெட்டாத்தான் வர்ற குறை). ஒரே ஜீனான்னு பார்க்கணும்னு எழுதினேன், மார்க்கே போடல. வாத்தியார்கிட்ட போய் நானே உதாரணம் சார்னு சொன்னேன், புக்ல இல்லையேன்னுட்டார்.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தமில்ல, ஆனா சொல்லியாகணும். போன மாசம் அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனா அங்க சைகை தெரிஞ்ச ஒரு ஆள் கிடையாது, கர்ப்பப்பையில கட்டின்னு அம்மாவுக்கு நான்தான் கையால சொல்ல வேண்டியிருந்துச்சு.