வேலைக்கு போய்க்கிட்டே கேட் எக்ஸாமுக்கு (GATE, இன்ஜினியரிங் முடிச்சவங்க எம்.டெக் சேர எழுதுறது) டைம் டேபிள் எப்படி போடுறது?

நான் மெக்கானிக்கல். ஒரகடம் பக்கம் ஒரு பிளான்ட்ல ஷிப்ட் வேலை பாத்துக்கிட்டே ரெண்டு தடவ எழுதினேன், மொத தடவ கட் ஆஃப் கூட தாண்டல. அப்போ போட்ட டைம் டேபிள பாத்தா சிரிப்பீங்க, ஸ்கெட்ச் பேனால கலர் கலரா தினமும் ஆறு மணி நேரம்னு எழுதி செவுத்துல ஒட்டி வச்சிருந்தேன், மொத நைட் ஷிப்ட் வாரத்தோட அதுக்கு பால் ஊத்தியாச்சு.

ரெண்டாவது தடவ மணிக்கணக்க தூக்கி போட்டுட்டேன். எந்த ஷிப்டா இருந்தாலும் பழைய வருஷ கேள்வி 15 போட்டுட்டுதான் படுக்குறது, அது ஒரு மணி நேரத்துலயும் முடியும், தெர்மோடைனமிக்ஸ்னா மூணு மணி நேரமும் இழுக்கும். எங்க சிக்குதோ அந்த டாபிக்குக்கு மட்டும் என்பிடெல் (ஐஐடி வாத்தியாருங்க நடத்துற ஆன்லைன் பாடம்) வீடியோ. எல்லா வீடியோவும் பாத்துட்டு அப்புறம் கணக்கு போடலாம்னு இருந்தீங்கன்னா பிப்ரவரி வந்துரும், எக்ஸாமே அப்போதான்.

ஆப்டிடியூட் 15 மார்க், எங்க பேப்பர்ல மேத்ஸ் ஒரு 13, ரெண்டும் சேந்து 28. இத போய் எல்லாரும் கடைசி மாசத்துக்கு தள்ளுறாங்க! நான் ஆப்டிடியூட்ட கம்பெனி பஸ்லயே முடிச்சேன்.

உண்மையா மார்க் ஏத்துனது ஒரு தப்பு நோட்டு. தப்பான கணக்கு, ஏன் தப்பாச்சுன்னு பக்கத்துல ஒரு வரி, அவ்ளோதான். ரெண்டு மாசம் கழிச்சு பொரட்டி பாத்தா பாதிக்கு மேல செல்சியஸ கெல்வினா மாத்தாததும் ரேடியஸுக்கு பதிலா டயாமீட்டர் போட்டதும்தான், கான்செப்ட் தெரியாம போனது கொஞ்சம்தான். ஞாயித்துக்கிழமை புதுசா எதுவும் படிக்க மாட்டேன், அந்த நோட்டு மட்டும்.

அப்புறம் உங்க கால்குலேட்டர இப்பவே பீரோல வச்சு பூட்டிருங்க. ஹால்ல ஸ்கிரீன்ல வர்றத மவுஸால தட்டிதான் போடணும், 3 மணி நேரத்துல 65 கேள்வி, பழக்கம் இல்லைன்னா அதுலயே நேரம் போயிரும். நெகட்டிவ் மார்க் ஆப்ஷன்ல ஒரே ஒரு விடைய தேர்ந்தெடுக்குற கேள்விக்கு மட்டும்தான், ஒரு மார்க்குக்கு மூணுல ஒரு பங்கு, ரெண்டு மார்க்குக்கு மூணுல ரெண்டு பங்கு. விடைய நம்பரா டைப் பண்ற கேள்விக்கு நெகட்டிவே கிடையாது, அத காலியா விட்டுட்டு வந்துராதீங்க.

நைட் ஷிப்ட் வாரத்துல மட்டும் புது டாபிக் வேணாம். தூக்க கலக்கத்துல ஒரு தடவ வெலாசிட்டி டயக்ராம் போட்டேன், மறுநாள் பாத்தா அது எந்த மெக்கானிசத்துக்குன்னே எனக்கு தெரியல.